பதினேழாவது கிலோமீட்டர்

கணவாயின் உச்சியில் எங்கள் முகாம்:
ஓர் இரும்புக் கூண்டு, ஓர் அடுப்பு, ஏழு ஆட்கள்,
பனி தள்ளும் வண்டிகள் இரண்டு.
அதில் ஒன்று எப்போதும் பழுது.

பழைய மேலாளர் பிஷ்கெக்கிலிருந்து போனில் கத்துவார்.
கத்தல் மலையேறி வருவதற்குள் பாதி உறைந்துவிடும்,
மீதியை நாங்கள் சிரித்தே தீர்ப்போம்.
அவருக்கு ஒரே கேள்வி: முடிந்ததா?
எங்களுக்கு ஒரே பதில்: முடிந்தது.

நவம்பரில் பெர்மெத் வந்தாள்.
வந்த அன்று கூட்டம் போடவில்லை.
என் வண்டியில் ஏறி நான்கு மணி நேரம்
பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.
"இந்த வைப்பர் எத்தனை நாளாக ஓடவில்லை?"
"போன வருஷத்திலிருந்து."
"யாரிடம் சொன்னாய்?"
"எல்லாரிடமும். கிணற்றில் போட்ட கல்."

மூன்றாம் நாள் புது வைப்பர் வந்தது.
பெரிய விஷயமில்லை.
ஆனால் அதற்குப் பிறகு
அவளிடம் பொய் சொல்ல நாக்கு கூசியது.
கொஞ்சம்தான்.

அடுப்புக்கு மேலே ஒரு கரும்பலகை மாட்டினாள்.
எங்கள் பெயர்களை அவள் எழுதவில்லை,
சாக்குக்கட்டியை நீட்டினாள்.
எந்தத் துண்டுச் சாலை, எத்தனை மணிக்குள்,
அவரவர் கையெழுத்தில்.

வாயே திறக்காத ஒமுர்சாக்கை முதலில் கேட்டாள்.
அவன் தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னான்:
"பதினேழாவது கிலோமீட்டரில் நள்ளிரவுக்கு மேல் காற்று திரும்பும்.
தள்ளிய பனியெல்லாம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்துவிடும்."
பதினோரு குளிர்காலமாக அவனுக்குத் தெரியும்.
எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டு மணிக்கு ஒரு சுற்று கூடுதலாக முடிவானது.
வீறாப்பாக நான்தான் என் பெயரை எழுதினேன்.

ஜனவரியில் ஓர் இரவு.
அடுப்பு கதகதப்பாக இருந்தது.
நான்கு மணிக்கு விழித்து, பலகையில் எழுதினேன்: முடிந்தது.

விடியலில் ஒரு பால் லாரி
பதினேழில் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது.
ஓட்டுநருக்குத் தோளில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை.
வெள்ளையின் மேல் வெள்ளையாகப் பால்
உறைந்து கிடந்தது.

பெர்மெத் கத்துவாள் என்று காத்திருந்தோம்.
அவள் சாக்குக்கட்டியை எடுத்து
தன் பெயருக்குக் கீழே எழுதினாள்:
இரண்டு மணிச் சுற்றுக்கு ஒற்றை ஆள். என் கணக்குப் பிழை.
பிறகு என்னைப் பார்க்கவேயில்லை.
அதுதான் தாங்கவில்லை.

எழுந்து போய் "முடிந்தது" என்பதை
விரலால் அழித்தேன்.
"தூங்கிவிட்டேன்" என்று எழுதினேன்,
எழுத்து கோணலாக வந்தது.

ஏன் என்று கேட்கவில்லை அவள்.
"இன்றிரவு என்ன செய்யலாம்?" என்றாள், எல்லாரிடமும்.
தாயிர்பெக் கூட வருகிறேன் என்றான்.
ஒமுர்சாக் அரை மணிக்கொரு தரம்
ரேடியோவில் அழைப்பதாகச் சொன்னான்.

அதற்காக விட்டுவிட்டாள் என்று நினைக்காதே.
ஒருநாள் சம்பளம் பிடித்தாள், காகிதத்தில் காரணத்தோடு.
லாரி ஓட்டுநரின் எண்ணைத் தந்து
நீயே பேசு என்றாள்.
பேசினேன். அந்த ஆள் திட்டியதை இங்கே எழுத முடியாது.
பிடித்தது நியாயம் என்று எனக்குத் தோன்றியதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவளிடமும் குறை உண்டு.
சீட்டில் தோற்றால் முகம் சுருங்கும்,
அவள் போடும் தேநீரை நாய் குடிக்காது.
ஆனால் வெள்ளிக்கிழமைகளில்
சபாஷ் என்று பொதுவாக வாரி இறைப்பதில்லை.
"வியாழன் இரவு, பதினேழில் நாற்பத்தொரு வண்டிகள்,
ஒன்றும் சறுக்கவில்லை" என்பாள்.
எங்கள் முறையா என்று மனசு உடனே கணக்குப் போடும்.

இப்போது மணி ஒன்று ஐம்பது.
விளக்கொளியில் பனி குறுக்கே பாய்கிறது.
தாயிர்பெக் பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.
ரேடியோ கரகரக்கிறது:
"எங்கே இருக்கிறாய்?"
"பதினாறில்," என்கிறேன், "இந்த முறை நிஜமாக."
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
ஒமுர்சாக் சிரித்துக் கேட்கிறேன்.