ஒன்பதடி தள்ளி

ஆறு மாதத்தில் மாற்றலாம் என்றது ஒரு வாய்.
ஒரு வயது முடியட்டும் என்றது இன்னொன்று.
தடுப்பூசி அட்டையில் அதற்கொரு கட்டம் இல்லை.
சாரல் விடட்டும் என்றேன்,
விட்டது.
சுண்ணாம்பு வாடை போகட்டும் என்றேன்,
மூன்று நாள் ஜன்னலைத் திறந்துபோட்டு
அதையும் போக்கினார்.
பல்லி, என்றேன்.
பல்லி இந்த அறையிலயும்தான இருக்கு,
என்றார் பீர் மைதீன்.

அஃப்ராவுக்குப் பதினோரு மாதம்.
எட்டுக் கிலோ நானூறு.
திங்கட்கிழமை நான் மறுபடி
செங்கோட்டை ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில்
நிற்க வேண்டும்.
தூக்கம் கெட்ட கை
யாருடைய பிரஷர் மாத்திரையையோ
யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

சிக்கல் அழுகை இல்லை.
இரவுப் பசி எப்போதோ போய்விட்டது அவளுக்கு.
சிக்கல், இரண்டரை மணி.
புளியரைச் சோதனைச்சாவடிக்கு முந்திய எடைமேடையில்
டியூட்டி முடித்து
தெருமுனையிலேயே பைக்கை அணைத்து
உருட்டிக்கொண்டு வருவார்.
செருப்பைக் கையில் எடுப்பார்.
தாழ்ப்பாளைக் காய்ச்சல்காரனைத் தொடுவதுபோல் தொடுவார்.
எல்லாம் வீண்.
கட்டில் கம்பியைப் பிடித்து
அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பாள்,
இருட்டில், இரண்டு பல்லோடு.

அப்புறம் ஒரு மணி நேரம்
இருவருக்கும் பெருநாள்.
தலையணைக்குள் முகத்தைப் புதைத்து
நான் திங்கட்கிழமையை எண்ணுவேன்.

பகலில் அவருக்குப் பாதி தூக்கம்,
பாதி தென்காசி மரக்கடையில் கணக்கு.
அந்தியில் அவள் கண் சொருகும்போது
டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார்.
ஆக, அந்த ஒரு மணி நேரம்தான்
அவளுக்கு வாப்பா.
எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் சாரல், சுண்ணாம்பு, பல்லி.

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து
அவரே சொன்னார்,
மாத்திரலாம்.
சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

புனலூர் ஆசாரி அறைக்குள் வைத்தே
பூட்டிக் கொடுத்த தேக்குக் கட்டில்,
வாசலைவிட இரண்டு விரற்கடை அகலம்.
கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.
பன்னிரண்டு திருகாணி.
பதினொன்று கழன்றது.
ஒன்று தலை மழுங்கி, வர மறுத்தது.
முக்கால் மணி நேரம் அதனிடம் கெஞ்சினார்.
அடிக்கவில்லை, வையவில்லை.
நான் போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து விட்டேன்,
யார் கட்சியில் சேர்ந்து என்று
எனக்கே தெரியாமல்.

பழைய போன் ஒன்று அவள் தலைமாட்டில்,
என் போன் என் தலைமாட்டில்,
விடிய விடிய பேச்சற்ற ஒரு அழைப்பு.
அந்த அறை ஜன்னல் மலையைப் பார்த்தது.
ஆரியங்காவுப் பக்கத்து டவர்
அதன் வழியே எட்டிப் பார்க்கும்போல.
வைத்த மறு நிமிடம் மெசேஜ் வந்தது:
கேரளத்துக்கு வரவேற்கிறோம்.

விழுந்து விழுந்து சிரித்தோம்.
ஒன்பதடி தள்ளிப் படுத்தவள்
மாநிலம் தாண்டிவிட்டாள்,
ரசீது இல்லை, சோதனை இல்லை.
சிரித்து முடித்த பின்னும் இருவரும்
அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
பிறகு அவர் டியூட்டிக்குப் போனார்.

இரண்டரை.
பைக் அணைகிறது.
குழாயடியில் கை கழுவும் தண்ணீர்.
என் அறைக்கு வரவில்லை.

காதோரம் போனில்
பாய் விரிகிற சத்தம்.
அப்புறம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் மெதுவாக,
ஜல்லி, முப்பத்தெட்டு டன் அறுநூறு.
எம்-சாண்ட், நாற்பத்தொண்ணு.
கூடுதல்னு சொன்னேன், டிரைவர் கோவிச்சுக்கிட்டான்.
வைக்கோல் வண்டி ஒண்ணு வந்துச்சு பாத்துக்க,
ஆனை மாதிரி இருந்துச்சு,
ஏறி நின்னா வெறும் ஏழு டன்.

அவள் முழித்திருக்கிறாளா, தெரியவில்லை.
பதிலுக்கு ஒரு 'ங்' கூட இல்லை.
எழுந்து போய் ஏசலாம்.
போட்ட திட்டமே இதற்காகத்தானே.

போனில் ஆறு சதவீதம்.
சார்ஜர் அந்த அறையில்.
அவர் காய்கறி லாரிக்கு வந்திருந்தார்.
கோட்டயம் போகிற வண்டி,
கத்தரிக்காயும் முருங்கையும்.
எடையைச் சொல்லட்டும் என்று
படுத்திருந்தேன்.