மூன்ஸ்டர் சலவைக்காரியின் கணக்கு, 1648

எங்கள் ஆற்றுக்கு ஆ என்று பெயர்.
வியப்பும் இல்லை, வலியும் இல்லை,
ஓர் எழுத்து, அந்த அகலம்தான் ஆறும்.
அதில்தான் ஐந்து வருடம்
தூதர்களின் கழுத்துப்பட்டிகளைத் துவைத்தேன்.

சமாதானம் பேச வந்தவர்கள்
முதலில் பேசியது
யார் வண்டி முன்னால் போவது என்று.
யார் நாற்காலிக்குக் கை உண்டு,
யாரை மேன்மை தங்கிய என்று விளிப்பது,
வாசலுக்கு இறங்கி வந்து வரவேற்றால்
எத்தனை படி.
அந்த மாதங்களில் பட்டிகளில்
வியர்வை மட்டும்தான்.
மை இல்லை.

மை வரத் தொடங்கியது மூன்றாம் வருடம்.
வலது மணிக்கட்டுச் சரிகையில் ஒரு துளி,
பிறகு முழங்கை வரைக்கும்.
எழுத்து தெரியாதவள் நான்.
அடுப்படியில் வேலையாட்கள் பேசுவதைக் கேட்டுக்
கறைகளுக்குப் பெயர் வைத்தேன்.
அல்சாஸ் புளித்த மோரில் ஒரு ராத்திரி ஊறினால் விட்டுவிடும்.
பொமரேனியா விடவே இல்லை.
சாம்பல் நீரில் மூன்று முறை கொதித்தும்
துருப்பிடித்த ஆணி போல்
நடுப்பட்டியில் நின்றது.
கெட்டுப்போனதென்று கூலியில் பிடித்துக்கொண்டு
பட்டியை என்னிடமே வீசினார்கள்.
தெல்க்டே பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு,
ஹில்லேக்கு, கொடுத்தேன்.
நல்ல துணி. எதற்காவது ஆகும்.

போப்பின் ஆட்கள் இங்கே.
மற்றவர்கள் ஓஸ்னாப்ரூக்கில்.
ஒரே கூரையின் கீழ் உட்கார முடியாதாம்.
நடுவே ஒரு நாள் சவாரி தூரம்.
தபால்காரன் யோபஸ்ட்
இந்த ஊர் கோபத்தை அந்த ஊருக்கும்
அந்த ஊர் கோபத்தை இந்த ஊருக்கும்
தோல்பையில் சுமந்தான்.
அவன் காலுறையும் என்னிடம்தான் வரும்.
பட்டிக்கு ஒரு வாளி தண்ணீர் போதும்,
அவன் காலுறைக்கு நாலு.

என் மகன் எவெர்ட்டுக்கு ஒன்பது வயது.
‘அது வந்தால் எங்கே படுக்கும்?’ என்று கேட்டான்.
எது என்றேன்.
‘சமாதானம்.
அடுப்புப் பக்கம் ஏற்கெனவே
நாலு குதிரைக்காரர்கள் படுத்திருக்கிறார்களே.’

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை
கையெழுத்தாயிற்று என்றார்கள்.
கோட்டைச் சுவரில் பீரங்கிகள் முழங்கின,
ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மூன்றாவது.
சந்தோஷத்தைச் சொல்ல
வேறு வாய் இல்லை போலும் ஊரில்.
காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம்.
நான் அழுதேன்,
மறுபடி துவைக்கவேண்டுமே என்றும்தான்.

திங்கட்கிழமை ஹில்லே வீட்டுக்குப் போனேன்.
கதவு திறந்து கிடந்தது.
கஞ்சி சட்டியில் ஆடை கட்டியிருந்தது.
தொழுவத்தில் சாணி மட்டும்.
எனக்குப் புரிந்துவிட்டது.
பீரங்கிச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது.

சதுப்புக் காட்டு விளிம்பில் நின்று
பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
ஆல்கே வந்திருக்கிறேன், ஆல்கே என்றேன்.
ஒரு காகம் எழுந்தது.
வெகு நேரம் கழித்து
ஒரு மரத்தின் பின்னாலிருந்து அவள் புருஷன் குரல்:
‘யார் வருகிறார்கள்?’
யாருமில்லை. முடிந்துவிட்டது.
‘யார் ஜெயித்தது?’
ஐந்து வருடம் துவைத்தவளுக்குத்
தெரிந்திருக்க வேண்டிய கேள்வி.
எனக்குத் தெரியவில்லை.
கையெழுத்தாயிற்று, என்றேன்.
‘அது சிப்பாய்களுக்குத் தெரியுமா?’

அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் ஹில்லே வெளியே வந்தாள்,
இடுப்புவரை ஈரம், கையில் கயிறு,
கயிற்றின் முனையில் பசு.
கத்திவிடக் கூடாதென்று
அதன் வாயைக் கட்டியிருந்தாள்.
சரிகைப் பட்டி.
நடுவில் பழுப்பாகப் பொமரேனியா.

அவிழ்க்கப் போனேன்.
‘இரு’ என்றாள்.
மூவரும் நின்று கேட்டோம்,
வடக்கே, பிறகு தெற்கே.
காற்று, தண்ணீர்,
பசு மூக்கால் விடும் மூச்சு.

முடிச்சு இறுகிப் போயிருந்தது.
பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.
வாய் திறந்தும் அது கத்தவில்லை.
என்னைப் பார்த்தது, பிறகு ஹில்லேயை,
பிறகு குனிந்து
ஓசை வராமல் மேயத் தொடங்கியது.