ஆடியில் மண்டபம் மலிவு

ஆடி என்பதால் வாடகை பாதி.
காட்பாடியில், குடியாத்தம் ரோட்டில்,
இரும்புக்கடைக்கு மேல்மாடியில்
வட ஆற்காடு சுயாதீனத் திரைப்பட விருது விழா,
ஒன்பதாம் ஆண்டு.
மாவட்டத்தை மூன்றாக வெட்டியாயிற்று.
விருது மட்டும் பழைய பேரிலேயே கிடக்கிறது,
ரேஷன் கார்டில் செத்துப்போன மாமனார் மாதிரி.

மேடையில் ஆனி மாதக் கல்யாணத்தின் தெர்மாகோல்.
'மணமக்களை வாழ்த்த வரும் அனைவரையும் வரவேற்கிறோம்'
என்பதில் முதல் சொல்லை மட்டும்
பிய்த்திருந்தார் கோதண்டபாணி,
எல்.ஐ.சி. முகவர்,
விழாவுக்கு நிறுவனர், பொருளாளர், மைக்.
சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்களை நகர்த்த ஆளில்லை.
நடுவர்கள் இருவரும்
புதிதாய்க் கட்டிக்கொண்டவர்கள்போல
ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார்கள்.

"தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு
நம்மூரப் பத்தி சொல்லுவாங்கோ.
அத்தோட சேத்துக்குங்கோ, தியேட்டர் இல்லாத படம்!"
ஒன்பது வருஷமாக அதே இடம், அதே சிரிப்பு.
நானும் சிரித்தேன்.

எங்கள் படம் பத்தொன்பது நிமிடம்.
ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர் தைக்கும் குணவதி
ஷிப்ட் முடிந்து
பாலாற்றைக் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போகிறாள்.
கதை அவ்வளவுதான்.
கேமரா எத்திராஜ், வாலாஜாக்காரன்,
வளைகாப்பு காதுகுத்து எல்லாவற்றையும்
ஒரே ஸூமில் பிடிக்கிறவன்.
சத்தம் நான்.
நான்கு ராத்திரி மணலில் மைக்கை நட்டுவைத்தேன்.
லாரி. நாய். லாரி.
நான்காம் ராத்திரி மூன்று மணிக்கு
ஒன்றுமே இல்லாமல் ஐம்பது வினாடி கிடைத்தது.
அதை மூன்றாம் நிமிடத்தில் வைத்தேன்.

திரையிட்டபோது அந்த இடத்தில்
"சவுண்டு பூட்சிப்பா" என்று கத்தினார்கள்.
லேப்டாப் பையன் ஓடிவந்து
ஒயரைப் பிடுங்கிச் சொருகினான்.
நன்றாக இருக்கட்டும் அவன்.

குணவதி வரவில்லை.
இத்தாலிக்குப் போகும் சரக்கு, ஞாயிறும் ஓ.டி.

சிறந்த படம்,
ஆஸ்பத்திரித் தெரு லாட்ஜில்
பெங்காலியும் தமிழும் ஒரு குழாயில் சண்டைபோடும் படத்துக்கு.
நியாயம்தான்.
பிறகு கோதண்டபாணி படித்தார்:
"சிறந்த ஒலிப்பதிவு."

எங்கள் ஊர் நாக்குக்கு
லகரம் ளகரம் ழகரம் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள்,
எந்தப் பேரில் கூப்பிட்டாலும் எதுவோ ஒன்று வரும்.
நான் எழுந்தேன். எத்திராஜும் எழுந்தான்.
இரண்டு பக்கப் படிகளிலும் ஏறி
நடுமேடையில் நின்றோம்.
ஷீல்டில் 'ஒளிப்பதிவு'.
தாளிலும் 'ஒளிப்பதிவு', டைப் அடித்தது அதே ஆள்.
இரண்டில் ஒன்றுக்குத்தான்
இந்த வருஷம் ஸ்பான்சராம்.
எதற்கென்று அவருக்கும் மறந்துவிட்டது.
நடுவரைக் கேட்கலாமென்றால்
ஒருவர் எட்டு பத்து வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.
இன்னொருவர் "படம் நல்லாருந்துச்சு" என்றார்.
எந்தப் படமென்று சொல்லவில்லை.

"இன்னாபா, ஒரே படந்தான, ரெண்டு பேரும் புடிங்கோ."
போட்டோவுக்குப் பிடித்தோம்.
பிளாஷ் அடித்ததும் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் உண்டு.
டீசல் முகூர்த்தத்துக்கு மட்டும்தானாம்.

இருட்டு.
நூற்றிருபது பேரும்
மின்விசிறிகள் கடைசிச் சுற்றைச் சுற்றி நிற்கும்வரை
பேசாமல் இருந்தார்கள்.
ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.
கீழே இரும்புக்கடை ஷட்டரை யாரோ இழுத்தார்கள்.
பகலெல்லாம் சுவருக்குள் இருந்த வேலூர் வெயில்
இறங்கிவந்து எங்கள் நடுவில் நின்றது.
எத்திராஜின் விரல் ஷீல்டின் அந்த ஓரத்தில்,
என் விரல் இந்த ஓரத்தில்.
இருவரும் விடவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் கேட்டது.
நூற்றெண்பது ரூபாய் ஷீல்டின் வயிற்றில்
பொத்தான் பெரிதாய்ப் பதித்திருந்த கடிகாரம்
டிக். டிக்.

"எத்திராஜ்," என்றேன்.
"கேக்குது," என்றான்.

கையை எடுக்கவில்லை.