நூற்றெண்பது ரியால்

பன்னிரண்டு அங்குலக் குழாய்க்குப்
பன்னிரண்டடி தள்ளி நிற்பது என் வேலை.
சிவப்புச் சட்டை, மணல் வாளி, தீயணைப்பான்.
பொறி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.
பொறி எங்கே பிறக்கிறது என்று பார்க்கக் கூடாது.

ஒருமுறை பார்த்துவிட்டேன்.
அன்று ராத்திரி கண்ணுக்குள்
சொஹார் கடற்கரை மணல் மொத்தமும்.
ஷஃபிகுல் உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி
இமைமேல் வைத்தான்.
"பார்க்கறதுக்கே இவ்வளவு ஆசையா?"
ஆமாம் என்றேன், வில்லைக்கு அடியிலிருந்து.

என் சம்பளம் தொண்ணூறு.
சாய்த்து வைத்த குழாயைச் சுற்றி
டிக் அடிப்பவனுக்கு இருநூற்று நாற்பது.
இரண்டுக்கும் நடுவே
ஃபலஜ் ரவுண்டானா தாண்டி ஷட்டர் போட்ட ஒரு கூடம்,
நாற்பது நாள் மாலை வகுப்பு,
நூற்றெண்பது ரியால், முன்பணம், ரசீது உண்டு.

கம்பெனி கட்டுமா என்று கேட்டேன்.
தோமிச்சன் சார் ஒரு காகிதத்தை
என் பக்கம் திருப்பி வைத்தார்.
கட்டுமாம். மூன்று வருஷம் எங்கும் போகக் கூடாதாம்.
சம்பளம் தொண்ணூற்றைந்தாம்.
அந்த ஐந்தை எப்படிக் கணக்குப் போட்டார்களோ.
பேனா எழுதவில்லை என்று சொல்லி வந்துவிட்டேன்.
எழுதியிருக்கும்.

அறையில் சீட்டு ஓடுகிறது.
பன்னிரண்டு தலை, தலைக்குப் பதினைந்து.
பெருக்கிப் பாருங்கள்,
எனக்கென்றே போட்ட கணக்கு.
நாகூர் கனி அண்ணன் கட்டிலில் சம்மணமிட்டு ஏலம் விட்டார்.
பத்து தள்ளினேன்.
ராம்கேவல் இருபது தள்ளினான். தங்கச்சி கல்யாணம்.
நான் இருபத்தைந்து.
அவன் முப்பது.
முப்பத்திரண்டு என்று நான் சொன்னபோது
அவன் என்னைப் பார்க்கவில்லை,
மின்விசிறியைப் பார்த்தான்.
ஒரு கல்யாணத்தின்மேல் ஏலம் கேட்டவன் நான்.

கையில் நூற்று நாற்பத்தெட்டு.

இசக்கியம்மாளிடம் சொல்லவே இல்லை. அவளாகக் கேட்டாள்:
"குரல் என்ன இந்த மாசம் சில்லறையா இருக்கு?"
சொன்னேன்.
குழுக்கடன் எடுத்து
ஏழாயிரத்து ஐந்நூறைத் தூக்கிக்கொண்டு
வங்கிக்குப் போயிருக்கிறாள்.
அங்கேயிருந்து இங்கேயா, இங்கேயிருந்து அங்கேயா என்று
மூன்று தடவை கேட்டாளாம் கவுண்டர்க்காரி.
எதற்கு என்ற கட்டத்தில்
குடும்பச் செலவு என்று எழுதினாளாம்.

பதினோரு வருஷமாக நான் நிரப்பும் அதே கட்டம்.

எக்சேஞ்சில் வரிசை முழுக்க அனுப்புகிறவர்கள்.
வாங்க வந்தவன் நான் மட்டும்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன் அட்டையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையை.
பிடித்தம் போக முப்பத்தொன்று, நானூறு பைசா.
அறுநூறு பைசா துண்டு விழுந்தது.
வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கு முடி வெட்டினேன்.
ஒன்று ராம்கேவல் தலை.
முந்நூறு பைசாவை எண்ணித் தந்தான்.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது.
கை வாங்கிக்கொண்டது.

பிறகு அந்த நாற்பது மாலைகள்.
கறுப்புக் கண்ணாடி வழியாக முதல்முறை பார்த்தேன்:
குழாயின் வேரில் ஒரு சாவித்துளை,
அதன் விளிம்பில் விழாமல் நடுங்கும் சொட்டு.
கை எவ்வளவு மெல்லப் போகிறதோ
அவ்வளவு மெல்ல மூச்சும் போக வேண்டும்.
கொஞ்சம் இழுத்துவிட்டாலும் இரும்பு காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்வன்று பட்டை பட்டையாக வெட்டி
லாடம் போல வளைத்தார்கள்.
நான்கு பட்டை. மூன்று வளைந்தன.
நான்காவதில் ஒரு கீறல்,
மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.
மறுதேர்வுக்கு இருபத்தைந்து ரியால்.

அந்தப் பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
சட்டைப் பையில் கனக்கிறது.
இசக்கியம்மாளுக்கு இன்னும் சொல்லவில்லை.
கேம்ப் பேருந்தில் கடைசி இருக்கையிலிருந்து
முன்னால் தூங்கி ஆடும் தலைகளைப் பார்க்கிறேன்.
ஷஃபிகுலுக்குக் காதுமேல் முடி இறங்கிவிட்டது.
தலைக்கு முந்நூறு பைசா.
எண்பத்து மூன்று தலை,
அப்புறம் ஒரு மீசை.