மிச்சக்காசு

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம்,
திரும்பவும் பருத்தித்துறை.
ஒரு நாளைக்கு நாலு நடை.
மூன்று மாதமாய்ச் சனம்
என் முகத்தைப் பார்க்க முன்னம் கையைப் பார்க்கிறது.

விரல்நுனி சிவந்து வெடித்து,
உள்ளங்கையில் சின்னச் சின்ன நீர்க்கொப்பளம்,
இரவில் கடி.
முன்பு கையில் வைத்த காசை
இப்போது சீற்றின் ஓரத்தில் வைக்கிறார்கள்.
மிச்சத்துக்கு மடியை விரிக்கிறார்கள்.
இறங்கும்போது சிலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நெல்லியடியில் ஏறுகிற ரீச்சர்
சரியான காசைக் கொப்பி ஒற்றையில்
சுருட்டிக்கொண்டே வருவார்.
பொல்லாதவர் இல்லை,
வீட்டில் கைக்குழந்தை.

சாரதி கேதாரம் சொன்னார்: கிரந்தி.
நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி,
அன்னாசியைக் கண்ணாலும் பாராதை.
சோறும் பயிற்றங்காயுமாய் மூன்று மாதம்.
நான் விட்ட நண்டெல்லாம்
என் கையில் வந்து சிவந்தது.

தோல் கிளினிக்கின் நீள வாங்கில்
ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில்
இன்னொராள் இருக்கிற இடம்.
அங்கேயும் நாங்கள்
ஒருவர் தோலை ஒருவர் வாசித்தபடி.

நீர்வேலிக்காரியின் முழங்கையைப் பார்த்துத் தள்ளி இருந்தேன்.
வெள்ளிச் செதில், மாவாய் உதிர்ந்தது.
திரைக்குப் பின்னால் டொக்டர் சொன்னது
எங்களுக்கெல்லாம் கேட்டது:
"பதினொரு வரியமாய்ப் புருஷனோட ஒரே பாயில படுக்கிறீர்.
அவருக்கு வந்ததோ?
தொத்துற வருத்தமில்லை அம்மா."
அவள் வெளியே வந்தபோது
நான் கொஞ்சம் கிட்ட நகர்ந்தேன்.
அவள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தாள்.

குருநகர்க்காரருக்கு விலாவில்
ஒரு பக்கம் மட்டும் நெருப்புக் கோடு.
அக்கி அக்கியாய்த் தொத்தாதாம்.
கொப்பளிப்பான் வராத பிள்ளைக்குப் போனால்
கொப்பளிப்பானாய் எழும்புமாம்.
பேர் மாற்றிக்கொண்டு ஊர் கடக்கிறவன் போல.

என் பக்கத்தில், இடமே விடாமல்,
அயர்ன் பண்ணின சேட்டோடு ஒருவர்.
வங்கி உத்தியோகம்.
பார்த்தால் தோலில் ஒன்றுமில்லை.
விரல் இடுக்கில் பென்சில் கீறின மாதிரி ஒரு கோடு,
அவ்வளவுதான்.
சொறிப்பூச்சி.
வீட்டில் நாலு பேரும் ஒரே இரவில்
கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை பூச வேணும்,
விரிப்பெல்லாம் சுடுதண்ணியில் அலச வேணும்.
"ஒருதரம் கை குடுத்தா லேசில வராது," என்றார் டொக்டர்.
"பிள்ளையின்ர கையைப் பிடிச்சபடி
நித்திரையாகிற அளவு நேரம் வேணும்."

அந்த மனிதர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள்.
டொக்டர் கையைப் பிடித்துத் திருப்பினார்.
உறை போடவில்லை.
மூன்று மாதத்தில் அதுதான் முதல் கை.
சேட்டைத் தூக்கச் சொன்னார்.
பெல்ட்டின் பூட்டுப் படுகிற இடத்தில்,
தொப்புளுக்குக் கீழே, அதே சிவப்பு.
மணிக்கூட்டின் அடியில் வட்டமாய், அதே.

"என்ன வேலை?"
"கொண்டக்ரர்."
"ஒரு நாளைக்கு எவ்வளவு குத்திக் காசு எண்ணுவீர்?"

முதுகில் சதுரம் சதுரமாய் ஒட்டினார்கள்.
குளிக்காமல் ரெண்டு நாள்.
உரித்தபோது ஒரு சதுரம் மட்டும் பொங்கியிருந்தது.
நிக்கல்.
காசுக்குள் இருக்கிற உலோகம்.

"தொத்துமோ டொக்டர்?"
"ஆருக்கு? இது உமக்கும் காசுக்கும் இடையில இருக்கிற பிணக்கு.
மற்றவைக்கு இதில பங்கில்லை."

வரும் வழியில் சிரிப்பு வந்தது.
என்னிடமிருந்து என்னவோ வந்துவிடும் என்று
கையை இழுத்தவர்கள்தான்
ஒவ்வொரு தரிப்பிலும்
எனக்கு அதைத் தந்துகொண்டிருந்தார்கள்,
அஞ்சு ரூபாயாய், பத்து ரூபாயாய்.

பருத்தித் துணியில் கையுறை போட்டேன்.
சனம் இன்னும் ஒரு சாண் தள்ளி நின்றது.
'தொத்தாது' என்று எழுதி
'மிதிபலகையில் நிற்க வேண்டாம்' என்றதுக்குப் பக்கத்தில்
ஒட்டலாமோ என்றும் யோசித்தேன்.
கேதாரம் சொன்னார்:
"எழுதினா எல்லாரும் பயப்பிடுவினம்."

மற்றவர்களுக்கு வாயால் சொன்னேன்.
சிலர் நம்பினார்கள். கையில் வைத்தார்கள்.
பின்னேரம் கை எரிந்தது.

நெல்லியடி. ரீச்சர் ஏறினார்.
கொப்பி ஒற்றைச் சுருள்.
உள்ளே பாதிக் கணக்கு, சிவப்பு மையில் ஒரு பிழை அடையாளம்.
இந்த பஸ் முழுவதிலும்
என்னைச் சுடாத காசு அது ஒன்றுதான்.

பிரிக்காமல் பைக்குள் போட்டேன்.
அவருக்கு மட்டும்
தொத்தாது என்று நான் இன்னும் சொல்லவில்லை.
நாளைக்கும் அந்தக் கடதாசி வேணும்.