மீட்டர் பெட்டிக்குப் பின்னால்

எல்ஜின் நகரத்தின் வடக்கு விளிம்பில்
பதினான்கு புது வீடுகள்.
ஜன்னல் கண்ணாடிகளில் இன்னும் நீல ஸ்டிக்கர்.
முகப்பெல்லாம் மணற்கல்.
தேன் கலந்த பாலின் நிறம் என்றது விளம்பரம்.
நான் போனபோது
கல்லின் முகமெங்கும் சிமென்ட் வழிந்து காய்ந்திருந்தது,
சோறு தின்ற வாயைத் துடைக்காத பிள்ளை மாதிரி.

வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கணும் என்றார் டூகல்.
ஆசிட் அடி இஷ்பெல், அரை மணி நேர வேலை.

பேசாமல் ஏழாம் வீட்டைக் காட்டினேன்.
போன மாதம் லாக்லன் அரை மணியில் முடித்தது.
சிமென்ட் போனது உண்மைதான்.
கூடவே கல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்த இரும்பு
எழுந்து வெளியே வந்துவிட்டது.
ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் ஆரஞ்சுத் தாரை.
மழை பெய்தால் மங்கும் என்றார்கள்.
பெய்தது.
கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.
என் பயமே அதுதான்.

பீச் மரத்தில் செதுக்கிய ஆப்பு வைத்திருக்கிறேன்.
கல்லுக்கு விட்டுக்கொடுக்கும், சிமென்ட்டுக்குக் கொடுக்காது.
நைலான் தூரிகை.
கம்பித் தூரிகையைத் தொடுவதில்லை:
உடைந்த இழை ஒன்று கல்லின் துளையில் தங்கினால் போதும்,
அடுத்த வருஷம் துருவாக முளைக்கும்.
தோட்டத்துக் குழாய்த் தண்ணீர்,
உள்ளங்கையில் பட்டால் கூசும் வேகம்,
அதற்கு மேல் ஒரு சொட்டு வேகம் கூடாது.

எந்த மருந்தையும் முகப்பில் தொடங்கமாட்டேன்.
ஒன்பதாம் வீட்டில்,
எரிவாயு மீட்டர் பெட்டிக்குப் பின்னால்,
யாரும் குனிந்து பார்க்காத மூலையில்
முதலில் கல்லை நனைத்தேன்,
தாகத்தில் இருக்கும் சுவர்
எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும்.
பிறகு மூன்று பாட்டில்கள், மூன்று விரலகலம்.
ஒரு ராத்திரி காத்திருந்தேன்.
முதலாவது கல்லை வெளுக்க வைத்தது.
இரண்டாவது மஞ்சள் பூசியது.
மூன்றாவது, பெருந்தன்மையோடு,
கல்லையும் விட்டது சிமென்ட்டையும் விட்டது.

ஆக, ஆப்பும் தண்ணீரும்தான்.
மூன்று நாள்.
லாஸிமத் தளத்துப் போர் விமானங்கள்
வானத்தைத் துணிபோலக் கிழித்துப் போகும்.
கல் அசையாது,
ஏணியில் நான்தான் குனிவேன்.
கட்டி கட்டியாக உதிர்ந்த சிமென்ட்டுக்கு அடியில்
கொத்தனின் உளிக்கோடுகள் சாய்ந்து சாய்ந்து தெரிந்தன.
இடக்கைக்காரன் போலிருக்கிறது.
முகம் தெரியாத ஆளோடு
மதியம் முழுக்க எதிர்த்திசையில் கை வீசினேன்.

வெள்ளிக்கிழமை காலை
சுவரெங்கும் வெள்ளை பூத்திருந்தது.

ஊற்று, கழுவு, பத்து மணிக்கு வருகிறார்கள்!
டூகலின் முகம் சுவரைவிட வெளுத்திருந்தது.
கழுவினால் கரைந்து உள்ளே போகும்,
காய்ந்ததும் இரண்டு மடங்காக வரும் என்றேன்.
புதுச்சுவர் வேர்க்கிறது, விடு என்றேன்.
அவருக்குக் காது கேட்கவில்லை.
வாளியைத் தூக்கிவிட்டார்.

அப்போது வந்து இறங்கினாள் ரூடா,
ஒன்பதாம் வீட்டுக்காரி,
பக்கியில் மீன் புகைபோடும் கூடத்தில் வேலை,
லிதுவேனியாவிலிருந்து வந்து பதினோரு வருஷம்.
வாளியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.
விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு
நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள். "ஆனால் கசக்கிறது.
எவ்வளவு நாள்?"

ஒரு குளிர்காலம், ஒரு கோடை.
காய்ந்த தூரிகையால் அவ்வப்போது தட்டு,
தண்ணீர் வேண்டாம்.

"காட் மீனுக்கே பொறுக்கிறோம்" என்று சொல்லி
சாவிக்குக் கை நீட்டினாள்.
டூகல் வாளியைக் கீழே வைத்தார்,
தண்ணீர் அவர் ஷூவில் தளும்பியது.

என் காய்ந்த தூரிகை ஒன்றை வாசலில் விட்டு வந்தேன்.
பில்லில் சேர்க்கவில்லை.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
மீட்டர் பெட்டிக்குப் பின்னால்
ஒரு விரலகலம் வெளுப்பு, ஒரு விரலகலம் மஞ்சள்.
அது போகாது.
அந்த வீட்டுக்கு நான் செய்த சேதம் அவ்வளவுதான்,
மீட்டர் பார்க்க வருபவர்
என்றைக்காவது டார்ச் அடித்து
இது என்ன கறை என்று கேட்கக்கூடும்.