நாலு முழம்

டப்பாவின் மேல் எழுதியிருந்தது:
பாரை மீன், முட்டையிடும் பருவம், சுருள் நான்கு.
மண்டபத்தில் மீன்துறைக் கிடங்கை இடிக்குமுன்
எடைக்குப் போட வைத்திருந்தார்கள்.
திறந்தால் காடி நெடி.
படச்சுருள் சாகும்போது அப்படித்தான் நாறும்.

உள்ளே மீன் இல்லை.
நாலு பெட்ரோமாக்ஸ், ஓர் ஆர்மோனியம்,
சரிந்த தொப்பியோடு மஸ்தான் கனி,
பகலில் வாலிநோக்கத்து உப்பு வாருகிறவர்,
வாயைத் திறந்துகொண்டிருந்தார்.
சத்தம் மட்டும் இல்லை.

சர்க்கார் பிலிமில் மீனைப் பிடிக்காமல்
கச்சேரியைப் பிடித்த தேவசகாயம்
கணக்கு எப்படிக் காட்டினாரோ.
கோப்பில் ஒரு வரி அகப்பட்டது:
'கடல் கலங்கல். படம் தெளிவில்லை.'

ஏழு மாதம்
சட்டம் சட்டமாக உப்பைத் துடைத்தேன்.
பூஞ்சை தின்றதில்
தபேலாக்காரரின் இடக்கை போய்விட்டது.
வலக்கை தனியாகத் தட்டுகிறது.
கணினியில் கை வரைந்துவிடலாம் என்றான் பிரசன்னா.
வேண்டாம் என்றேன்.
வரைந்த கைக்கு எந்தத் தாளம் தெரியும்?

ஒலிநாடா வேறாக இருந்தது,
பாம்பனில், ரொசாரியின் கருவாட்டுத் தளத்தில்,
கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டி
மினுங்கி மினுங்கிக்
காக்கா விரட்டிக்கொண்டு.

"காத்தடிச்சா ங்ஙொய்ங்னு ஒரு சத்தம் வரும்,
ஒண்ணு கிட்ட வராது.
இது போன மாசம் கட்டுனது,
முன்ன கட்டுனதெல்லாம் அத்துப் போச்சு."

கச்சான் காற்று
பாதிப் பாட்டைக் கடலில் போட்டிருந்தது.
மிச்சத்தை அவிழ்த்துச் சுருட்டித் தந்தாள்,
அதே நீளத்துக்கு நைலான் கயிறு
வாங்கிக்கொண்டுதான்.

ஓட்டிப் பார்த்தோம். வெறும் இரைச்சல்.
முடிச்சுக்குள் கிடந்தது மட்டும்,
பூக்காரி அளந்தால் நாலு முழம்,
பேசியது. ஒன்பது விநாடி.
ஆர்மோனியத்தின் ஒற்றைச் சுருதி.
ஒரு கமறல் இருமல்.
ஒரு பிள்ளை, "உம்மா, தண்ணி."

நாற்பத்திரண்டு நிமிடப் படத்தில்
இது எந்த ஒன்பது?
மஸ்தான் கனியின் உதட்டை விட்டுவிட்டு
கூட்டத்தின் தொண்டைகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.
பீடி குடிக்கிற ஊர்.
பதினோரு பேர் இருமுகிறார்கள்.
பத்தொன்பதாம் நிமிடத்தில், மூன்றாம் வரிசையில்,
ஒருவர் துண்டால் வாயைப் பொத்துகிறார்.
அவருக்குப் பின்னால் பெண்கள் பக்கத்துத் திரையை
உள்ளிருந்து ஒரு சின்னக் கை இழுக்கிறது.

ஏலக்கூடச் சுவரில் போட்டுக் காட்டினோம்.
ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து
பத்தொன்பது நிமிடம் ஊமையாகப் பார்த்தார்கள்.
யாரோ போனில் டீசல் விலை பேசினார்.
பிறகு சுருதி. இருமல். தண்ணி.
பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

ரொசாரி என் பக்கம் திரும்பினாள்:
"இந்த இருமலுக்கா
என் கட்ட அவுத்துட்டுப் போன?"

சுவரில் மஸ்தான் கனி
கண்ணை இறுக்க மூடி, ஒரு விரலை உயர்த்தி
மேலே போகிறார்.
எந்த ஸ்வரம் வரைக்கும் என்று
தெரியவில்லை.